மஞ்சளுக்கு நடுவே வெள்ளை

வீட்டு உள்வேலை பேச வருகிறவர்களில் பெரும்பாலானோரின் கைப்பேசியில் ஒரு வெள்ளைச் சமையலறைப் படம் இருக்கும். வெள்ளை ஷட்டர், வெள்ளை மேடை, வெள்ளை டைல்ஸ், ஜன்னலோரம் ஒரு செடி. மகளோ மருமகளோ ஆசையாக அந்தப் படத்தைக் காட்டும்போது, கூட வந்திருக்கும் அம்மா மெல்லச் சொல்வார்: "வெள்ளையெல்லாம் நம்ம சமையலுக்கு ஆகாதுப்பா. நாலு நாள்ல மஞ்சளாப் போயிடும்."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். வெளிச்சமான, துடைத்தால் பளிச்சென்று இருக்கிற, பத்து வருடம் கழித்தும் பழசாகத் தெரியாத சமையலறையைக் கேட்கிறார் மகள். தினமும் தாளித்து, வறுத்து, அரைத்துக் கொட்டும் அடுப்படி எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவர முடியும் என்பதுதான் இத்தனை வருட வேலையில் எனக்கு வந்திருக்கும் நம்பிக்கை. எந்த வெள்ளையை எங்கே வைப்பது, கறை பட்டால் அதை எப்படி மீட்பது என்பதை வேலை தொடங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

வெள்ளைச் சமையலறை நமக்குப் புதிதல்ல. விறகடுப்பு எரிந்த காலத்தில் அடுப்பங்கரைச் சுவரில் கரி ஏறாத வீடு கிடையாது. ஆனாலும் தை பிறக்கும் முன் அந்தச் சுவர் வெளுத்துவிடும். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, அதில் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் இரண்டு கை அடிப்பார்கள். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். புதுச் சுண்ணாம்பின் கடும் காரத்தில் பூசணம் பிடிக்காது, பூச்சியும் எளிதில் அண்டாது. செட்டிநாட்டு வீடுகளில் இதே சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கண்ணாடி போலத் தேய்த்துவிட்ட சுவர்களை இன்றும் பார்க்கலாம்.

சுண்ணாம்புச் சுவர் தலைமுறை தலைமுறையாக வெள்ளையாக இருந்ததற்குக் காரணம், அதன்மேல் கறை படாதது அல்ல. வருடா வருடம் யாரும் யோசிக்காமல், பெரிய செலவில்லாமல், அதை மறுபடி வெளுக்க முடிந்தது. சமையலறையில் வெள்ளையை எங்கே வைக்கச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது அழுக்கானால் இதே இடத்தில், இந்த வீட்டுக்காரர்களே, மறுபடி வெள்ளையாக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வைக்கலாம். முடியாது என்றால் அங்கே வேறு நிறம்.

மேல்நாட்டில் சமையலறை வெள்ளையானது வேறு வழியில். நோய்க்குக் காரணம் கிருமி என்ற அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியபோது, மருத்துவமனை, குளியலறை, சமையலறை எல்லாவற்றிலும் வெள்ளை டைல்ஸும் வெள்ளை எனாமலும் ஏறின. அழுக்கு உடனே கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் இன்றைய மாடுலர் சமையலறைக்கெல்லாம் மூலம் என்று சொல்லப்படும் பிராங்ஃபர்ட் சமையலறை வெள்ளை அல்ல. வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி 1926-இல் அதை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் அளவுள்ள சிறிய அறை. ஈ அண்டாத நிறம் என்று அப்போது நம்பியதால் அலமாரிகளுக்கு நீலம் அடித்தார்கள். அந்த நீலம் அந்தக் காலத்தோடு போய்விட்டது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை வரும், அதற்குக் கை எவ்வளவு தூரம் நீள வேண்டும் என்று அவர் கணக்குப் பார்த்து வைத்த வரிசை இன்றும் உலகமெங்கும் நிற்கிறது. ஆகவே வெள்ளையடித்துவிட்டாலே சமையலறை காலத்தைத் தாண்டி நிற்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. கழுவுவது, நறுக்குவது, அடுப்பு, இறக்கி வைப்பது என்ற ஒழுங்கு முதலில் அமைய வேண்டும். மேடையின் உயரம் அங்கே அதிகம் நிற்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். இவை தவறிய சமையலறையை எந்த நிறமும் காப்பாற்றாது.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்க்குமின் என்ற பொருள். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால்தான் குழம்பு சிந்தியதை ஈரத்துணியால் துடைத்தால் பருப்பும் புளியும் போய், மஞ்சள் மட்டும் தங்கிவிடுகிறது. காரம் பட்டால் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் செக்கச்செவேலென்று ஆவது இதனால்தான். மஞ்சள் பட்ட வேட்டிக்குச் சோப்புப் போட்டால் கறை சிவந்து பயமுறுத்துவதும் இதே வேதியியல். ஆனால் வெயிலுக்கு முன்னால் குர்க்குமின் நிற்காது. மஞ்சள் கறை பட்ட துணியை நல்ல வெயிலில் காயப்போட்டால் கறை வெளிறிப்போகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதை வைத்து ஒரு சோதனை செய்வேன். வீட்டில் வரப்போகிற ஒவ்வொரு வெள்ளைப் பொருளிலும் உள்ளங்கை அளவுத் துண்டு வாங்கி ஒரு பலகையில் ஒட்டிவிடுவேன்: பளபளப்பு டைல், மேட் டைல், டைல் இடுக்கில் நிரப்பும் சிமென்ட் கிரவுட், எபாக்ஸி கிரவுட், குவார்ட்ஸ், வெள்ளை கிரானைட், லேமினேட், பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்த எம்.டி.எஃப். பலகை, சிங்க்கைச் சுற்றிப் பூசுகிற சிலிக்கோன். சூடான நல்லெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து எல்லாவற்றிலும் ஒரு சொட்டு. பக்கத்தில் புளிக்கரைசல் ஒரு சொட்டு, டிகாக்ஷன் ஒரு சொட்டு. ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் அந்த வீட்டம்மாவையே துடைக்கச் சொல்வேன்.

பளபளப்பு டைல் ஒரே துடைப்பில் சுத்தமாகிவிடும். அதன் மேல்பூச்சு கண்ணாடி. மஞ்சள் உள்ளே இறங்க வழியில்லை. எபாக்ஸி கிரவுட் கிட்டத்தட்டத் தப்பிக்கும். சிமென்ட் கிரவுட் மஞ்சளைக் குடித்துவிட்டிருக்கும். மேட் டைலின் சொரசொரப்பில் ஒரு நிழல் தங்கும், பிரஷ் போட்டால் போகும். பி.யு. பெயின்டில் லேசான வட்டம் தெரியும். மேட் ஆனால் கொஞ்சம் கூடுதல், பளபளப்பானால் குறைவு. சிலிக்கோன் மட்டும் என்ன தேய்த்தாலும் விடாது, மஞ்சள் அதன் உடம்புக்குள்ளேயே போயிருக்கும். அதன்பிறகு பலகையை மொட்டைமாடி வெயிலில் வைத்தால், தங்கிய வட்டங்கள் ஒவ்வொன்றாக மங்குவதைப் பார்க்கலாம். இந்தச் சோதனைக்குப் பிறகு அம்மாவும் மகளும் ஒரே பக்கம் வந்துவிடுவார்கள். எது எங்கே என்பதை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். சமையலறையில் காலை வெயில் விழும்படி ஒரு ஜன்னல் இருந்தால், அது தானாகவே ஒரு வண்ணான் வேலை செய்யும் என்பதும் அப்போது புரியும்.

அடுத்தது, எந்த வெள்ளை? பெயின்ட் கடை அட்டையில் நூற்றுக்கணக்கான வெள்ளைகள் உண்டு. ஒன்றில் துளி மஞ்சள், ஒன்றில் துளி சாம்பல், ஒன்றில் துளி நீலம். சுண்ணாம்பில் நீலம் கலந்த நம் முன்னோர் செய்ததும் இதைத்தான்: சுண்ணாம்பின் இளமஞ்சளை நீலம் கொஞ்சம் தணிக்க, கண்ணுக்கு வெள்ளை கூடித் தெரியும். ஆனால் அட்டையைப் பார்த்து வெள்ளையைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் திருப்பித் தரும். எதிரே எந்த நிறம் இருக்கிறதோ அதையும் சேர்த்துத்தான் தரும். சென்னையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றடி, ஐந்தடிச் சந்துதான். பக்கத்து வீட்டுச் சுவர் கிளிப்பச்சை என்றால், பகல் பன்னிரண்டு மணிக்கு உங்கள் வெள்ளைச் சமையலறை பாசி பிடித்தது போலத் தெரியும். அங்கே துளி சிவப்புச் சாயல் உள்ள வெள்ளையைப் போட்டால்தான் கண்ணுக்கு வெள்ளை. மேற்கு பார்த்த ஜன்னல் என்றால் சாயங்காலம் முழுக்க மஞ்சள் வெயில். அங்கே சாம்பல் சாயல் பொருந்தும். இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் பெயின்ட் அடித்து, அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

விளக்கு வைத்த பிறகு என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 6500 கெல்வின் டியூப் லைட்டுக்கு அடியில் எந்த வெள்ளையும் ஆஸ்பத்திரி வெள்ளை. 2700 கெல்வினில் அதே வெள்ளை பழைய காகிதம் போல ஆகும். சமையலறைக்கு 4000 கெல்வினை ஒட்டி, நிறத்தைச் சரியாகக் காட்டும் திறன் 90-க்கு மேல் உள்ள எல்.ஈ.டி. நல்லது. கீரை பச்சையாகத் தெரியும், வெங்காயம் பொன்னிறமானது சரியாகத் தெரியும். மேல் அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு விளக்குப்பட்டை கொடுத்துவிட்டால், நிற்பவரின் நிழல் நறுக்கும் பலகையில் விழாது.

சுவருக்கு எண்ணெய் எனாமல் வேண்டாம் என்பது என் கண்டிப்பு. எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் தானாகவே மஞ்சளாகும். யாரும் கை வைக்காத அலமாரியின் உள்பக்கம் முதலில் பழுப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமலுக்கு இந்தக் கோளாறு கிடையாது. துடைக்கலாம், மூன்று நான்கு வருடத்தில் ஒரு கை அடித்தால் புதுசு. சுண்ணாம்புக்கு இன்றைய வாரிசு என்று இதைச் சொல்வேன்.

அடுப்பின் பின்சுவருக்குப் பளபளப்பான வெள்ளை டைல், மேடையிலிருந்து மேல் அலமாரி வரை, இடைவெளி விடாமல். பெரிய டைலாக எடுத்தால் இணைப்புக் கோடு குறையும். கோட்டுக்கு வெள்ளை கிரவுட் போடுவதில்லை, இளஞ்சாம்பல் எபாக்ஸி. வெள்ளைக் கோடு நாளாக ஆகப் பழுத்துக் கண்ணை உறுத்தும். சாம்பல் கோடு முதல் நாள் எப்படியோ அப்படியே நிற்கும். சுற்றிலும் இருக்கும் வெள்ளையை அது இன்னும் வெள்ளையாகவும் காட்டும். சிங்க் ஓரத்துச் சிலிக்கோனை மட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை பிளேடால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசச் சொல்லி எழுதியே கொடுத்துவிடுவேன்.

அதிக விவாதம் நடப்பது மேடையில்தான். மார்பிள் அழகு. ஆனால் அது சுண்ணாம்புக் கல்லின் வழி வந்தது. புளி, எலுமிச்சை, தக்காளி எது பட்டாலும் அமிலம் பளபளப்பைத் தின்றுவிடும். தேய்த்துப் போக்குகிற கறை அல்ல அது, கல்லே கரைந்த தடம். மதுரைப் பக்கத்தில் எடுக்கப்பட்டு, 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரில் உலகமெங்கும் போன வெண்கல் நம்முடையதுதான். அதன் செம்புள்ளிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். கொஞ்சம் உறிஞ்சுகிற கல் என்பதால் சீலர் பூசி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். குவார்ட்ஸ் என்று விற்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் குவார்ட்ஸ் தூள், மிச்சம் பிசின். கறை குறைவாகப் பிடிக்கும். ஆனால் குக்கரையோ வாணலியையோ அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே வைத்தால் பிசின் கருகிப் பழுப்பு வளையம் விழும், அதற்கு மருந்தில்லை.

குவார்ட்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற மீளாத நோயைக் கொடுக்கும். கல் அறுக்கும் இளைஞர்கள் பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைக் கல்லையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, குறைவு என்றாலும் உண்டு. அடுக்குமாடியின் படிக்கட்டு ஓரத்தில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கட்டர் பிடிக்கிற பையனைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்திவிடுவேன். தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், முறையான மாஸ்க் வேண்டும், வெட்டு முடிந்தவரை பட்டறையிலேயே முடிந்துவிட வேண்டும். ஒருவர் மூச்சை அடைத்துவிட்டு வருகிற வெள்ளை எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

எனக்கு மனசுக்கு நிறைவாக இருப்பது, வெள்ளைச் சமையலறையில் கறுப்பு கிரானைட் மேடை. சூடு தாங்கும், புளி தாங்கும், தேங்காய் உடைத்தாலும் தாங்கும். அதிகம் அடிபடுகிற இடத்தில் கறுப்பு, கண் அளவில் வெள்ளை என்று பிரித்துவிட்டால் இரண்டுக்கும் ஆயுசு கூடும். படத்தில் இருக்கும் முழு வெள்ளையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேனே என்று முதலில் முகம் வாடும். மேடைமேல் எவர்சில்வர் பாத்திரமும், பித்தளைக் குடமும், இரும்புத் தோசைக்கல்லும் வந்து உட்கார்ந்த பிறகு யாரும் அந்தப் படத்தைத் தேடியதில்லை.

ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை எதில் செய்வது என்பதில் பழைய கொத்தனார்கள் சொன்னதையே பிடித்திருக்கிறேன். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற வீட்டில், சிங்க் பக்கமாவது கடப்பா கல் தடுப்புதான் சரி. ஊறாது, கரையான் அரிக்காது. மற்ற இடத்துக்குத் தண்ணீர் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட். முன்னால் தொங்கும் ஷட்டர் மட்டும் வெள்ளை. பிற்காலத்தில் பழுதானால் ஷட்டரை மட்டும் கழற்றி மாற்றலாம், பெட்டி அசையாது.

ஷட்டரில் ஒட்டுகிற ஃபாயில் அடுப்புச் சூட்டில் ஓரம் பிரியும். வெள்ளை லேமினேட் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் உள்ளடுக்கு பழுப்புக் காகிதம் என்பதால், விளிம்பில் பென்சில் கீறியது போல ஒரு கோடு தெரியும். அதே வெள்ளையில் எட்ஜ் பேண்டை இயந்திரத்தில் இழுத்து ஒட்டினால் அந்தக் கோடு கண்ணை உறுத்தாது. பெயின்ட் என்றால் பி.யு. அதிலும் அலிஃபாட்டிக் வகை என்று கேட்டு வாங்க வேண்டும், அரோமாட்டிக் வகை வெயில் பட்டால் மஞ்சளாகும். அடிக்கிறவரிடம் டப்பாவைக் காட்டச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

ஒருமுறை கைப்பிடி இல்லாத ஷட்டர் பற்றிப் பேச்சு வந்தபோது எங்கள் ஆசாரி கதவைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "பிடி இல்லேன்னா வீட்ல எல்லார் கையும் பெயின்ட்லதான் படும் சார்." அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சமைக்கிற கையில் எண்ணெய் இருக்கும், மாவு இருக்கும். கைப்பிடி இருந்தால் விரல் பெயின்டைத் தொடாது. வெள்ளை ஷட்டருக்குக் கைப்பிடிதான் காவல். விரல்கள் முழுதாக உள்ளே போகிற, துருப்பிடிக்காத, பிடிக்கச் சுகமான சாதாரணக் கைப்பிடி போதும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் கீலும் கைப்பிடியும் குறைந்தது 304 தர எவர்சில்வராக இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்து, காற்றை மறந்தால் எல்லாம் வீண். தாளிக்கும்போது மேலே போகிற எண்ணெய்ப் புகை நுண்துளிகளாகக் கூரையிலும் ஷட்டர் தலையிலும் படிந்து, தூசியைப் பிடித்துப் பிசுக்காகிறது. வெள்ளையை மங்க வைப்பதில் மஞ்சளைவிடப் பெரிய பங்கு இந்தப் பிசுக்குக்குத்தான். சிம்னி அடுப்பைவிட அகலமாக, பர்னருக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குழாய் ஆறங்குலத்துக்குக் குறையாமல், வளைவு குறைவாக, நேரே வெளியே போக வேண்டும். நீளமான, நாலு வளைவு வளைந்த குழாயில் எவ்வளவு பெரிய மோட்டாரும் திணறும். கடுகு வெடிக்கும் முன்பே சிம்னியைப் போட்டு, அடுப்பை அணைத்த பின்னும் சில நிமிடம் ஓடவிட வேண்டும்.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும் நாளில் ஒரு பெட்டியும் கொடுப்பேன். மிச்சம் வைத்த டைல்ஸ், மூடி இறுக்கிய ஒரு லிட்டர் பெயின்ட், அதன் ஷேடு எண், கிரவுட்டின் நிற எண், இரண்டு கீல், ஒரு கைப்பிடி. ஒரு தாளில், எதை எப்போது துடைப்பது, எதற்கு எப்போது மறுபூச்சு என்பது. எப்போதாவது ஒரு டைல் உடையும், ஒரு ஷட்டரில் பாத்திரம் மோதிக் கீறல் விழும். அப்போது அதே பொருள் கையில் இருந்தால் சமையலறை அன்றே பழைய நிலைக்கு வந்துவிடும். இல்லையென்றால் பொருந்தாத ஒரு வெள்ளை வந்து உட்காரும். பிறகு இன்னொன்று. சமையலறை பழசாகத் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

வெள்ளைச் சமையலறை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கறையே படாத பொருளைத் தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்று கடையில் இல்லை. பட்ட கறையை நீங்களே போக்கிக்கொள்ளக்கூடிய பொருளை வாங்குங்கள். அடிபடும் இடத்துக்குக் கல்லும் எஃகும் கொடுங்கள், வெளிச்சம் வேண்டிய இடத்துக்கு வெள்ளை கொடுங்கள். வருடத்துக்கு ஒருநாள் அதற்கென்று ஒதுக்குங்கள். போகிக்கு முன்னால் என்றால் நம் வீடுகளுக்கு அது பழகிய நாள். மீதி நாளெல்லாம் மஞ்சளைத் தயங்காமல் போட்டுச் சமையுங்கள்.